உபகளா நல்லா கீறாளா

கன்னையா: உபகளா நல்லா கீறாளாம்மா?

யாமினி: அவளுக்கு இன்னா நைனா... நல்லாத்தான் கீறா.

கன்னையா: ஆஸ்டல்ல உங்கூட ஒட்டுதலா கீறாளா?

யாமினி: ஒட்டினா ஒட்டினதுதான். நடுவுல கொஞ்சம்கூட எடம் உடமாட்டா.

கன்னையா: பேரப் பாத்தா தெலுங்குப் பொண்ணு. தமிழ்ப் பொண்ணுன்னு உன்னக் கிண்டல் பண்றாளா?

யாமினி: அவ பண்ணமாட்டா. மத்தவங்கதான்...

கன்னையா: மத்தவங்க இன்னா?

யாமினி: ஒண்ணுமில்ல உடு. கிருமி கிருமின்னு எது வந்தாலும் அவதான் முன்னாடி நின்னு தடுப்பா.

கன்னையா: கிருமியா?

யாமினி: சுத்தம் பாப்பான்னு சொல்ல வந்தேன். மூச்சுக்குழாய்ல தூசி போனாக்கூட மேல தள்ளி உட்டுடுவா.

கன்னையா: முதுவத் தட்டி உடுவாளாட்டம் கீது. ஆளு எப்டி, ஒல்லியா?

யாமினி: ஒரு எடத்துல தட்டையா, ஒரு எடத்துல சதுரமா, ஒரு எடத்துல தூணு மாதிரி...

கன்னையா: ஏம்மா, பொண்ணா கட்டடமா?

யாமினி: போ நைனா...

கன்னையா: நல்லா துன்றாளா?

யாமினி: குடல்ல எல்லாத்தையும் அவதான் உறிஞ்சுவா. ஆனா அவளுக்குன்னு ரத்தக்கொழாயே கெடையாது. அடியில கீறவங்க குடுத்தாத்தான் உண்டு.

கன்னையா: ரத்தம் இல்லையா? அடப்பாவமே. முருங்கக்கீரை எடுத்துக்கினுதான் வரேன்.

யாமினி: எங்க வர்றே?

கன்னையா: திருப்பதிக்குத்தான். புத்தூர் தாண்டிட்டேன். அவளையும் பாக்கலாம்னு...

யாமினி: வேணாம். அவ ஊருக்குப் பூட்டா.

கன்னையா: இப்பத்தானே நல்லா கீறான்னே?

யாமினி: டவர் சரியில்ல நைனா, அப்றம் பேசறேன்.

கன்னையா: அம்மாடி... லைன்ல கீறியா?

யாமினி: நைனா, அப்டி ஆளே இல்ல. அது பாடம். தோலு, வாய்க்குள்ள, குடலு, எல்லாத்தையும் மூடிக்கினு கீற திசு. தெலுங்குல அதுக்குப் பேரு உபகளா. போன்ல நான் சத்தமா படிச்சதக் கேட்டு, யாரு, சிநேகிதியான்னு கேட்டே. கேக்கசொல்ல அவ்ளோ சந்தோஷம் உனுக்கு... இல்லன்னு சொல்ல வாய் வரல.

கன்னையா: அப்ப கூட யாருதான் கீறா?

யாமினி: யாரும் இல்ல. எல்லாம் ஒண்ணா மெஸ்ஸுக்குப் போவாங்க. அவங்க வந்தப்புறம் நான் போவேன்... பொய் சொன்னேன்னு கோவமா?

கன்னையா: பாடம்னு எனக்கு அப்பவே தெரியும்மா, தெலுங்குல படிக்கிற பக்கத்து வூட்டு பவன்குமாரு சொல்லிட்டான். மின்னெல்லாம் துன்னியான்னு கேட்டா, ஆமான்னு போன வெச்சிடுவே. அவளப் பத்திக் கேட்டாத்தான் நீ வெக்காம பேசிக்கினு இருந்தே... வூட்ல எனக்கு மட்டும் பேச யாரு கீறா?