வாசலுக்கு முதுகு

— அந்தக் கெட்டிலை விடு நடராஜா. இதோட மூணு தடவை கழுவிட்ட. வந்து உக்காரு.

— உக்காந்தா எழுந்திரிக்க மனசு வராது மொய்தீன் பாய். விடிஞ்சா நாண்டி ஏர்போர்ட்டு பஸ்ஸைப் பிடிக்கணும். பெட்டி இன்னும் கட்டல.

— பெட்டியில என்னத்தக் கட்டப் போற? ரெண்டு சட்டை, உன் மாரியம்மன் படம். வந்ததுலேர்ந்து எதையோ வாயில வச்சு மென்னுக்கிட்டே இருக்க. துப்பிடு.

— கேளுங்க பாய். கோவப்படக் கூடாது.

— அச்சா.

— நேத்து தவுவாவுல தையல்காரன் அன்வர் கடைக்குப் போனேன். ஆக்லாந்துல குளிருமாம், கோட்டு ஒண்ணு வேணும்னு எம் பொண்ணு க்ருதிகா போன்ல சொன்னா. அளவு எடுத்துக்கிட்டே இருந்தவன் டேப்பைக் கழுத்துல போட்டுக்கிட்டுத் தொழ நின்னுட்டான். வாசலைப் பாத்து நின்னான்.

— நிக்கட்டும்.

— எனக்கு அது தப்பாப் பட்டுச்சு. முடிச்சதும் கேட்டேன், என்னப்பா, வாசலுக்கு முதுகைக் காட்டித்தானே தொழணும்னு. அவன் சிரிச்சான். வாசலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல சாச்சா, மேற்கே பாக்கணும், மக்கா அந்தப் பக்கம்தான் இருக்குன்னான்.

— சரியாத்தான் சொல்லியிருக்கான்.

— பாய், ரராவாய்ல நாப்பது வருசம் பக்கத்துப் பக்கத்து வயலு. கரும்பு வெட்டிட்டு வர்றப்ப உங்க வீட்டு வாசல் வழியாத்தான் பாப்பேன். நாப்பது வருசமும் உங்க முதுகைத்தான் பாத்தேன். அதான் முறைன்னு நெனச்சுட்டேன். எங்க சாமிக்குக் கெழக்கே பாத்து வாசல் வைக்கிறாப்ல, உங்களுக்கு வாசல் முதுகுப்பக்கம்னு.

— அங்க வாசல் கெழக்கே இருந்துச்சு. அதனால முதுகைப் பாத்த.

— அதைத்தான் சொல்றேன். லீசு முடிஞ்சு நிலக்காரங்க எடத்தைத் திருப்பிக் கேட்டப்ப, உங்க வீட்டைத் தகரம் தகரமாப் பிரிச்சு லாரியில ஏத்தி இங்க கொண்டாந்து நட்டது நான்தானே? இங்க வட்டுகோலா ரோடு வீட்டுக்கு மேற்குப் பக்கம் இருக்கு, ரோட்டைப் பாத்து இருக்கட்டும்னு வாசலை அந்தப் பக்கம் வச்சேன். உங்களுக்குக் கண்ணு போனதும் அதே வருசம்.

— ஆமா. வீடு மாறினது நான் பாக்கல.

— அன்னையிலேர்ந்து காலையிலயும் சாயங்காலமும் வந்து உங்க தோளைப் பிடிச்சு வாசலுக்கு முதுகாத் திருப்பி நிறுத்துறேன். ரெண்டு வருசம் பாய். ரெண்டு வருசமும் கெழக்கே பாத்து நிக்க வச்சிருக்கேன். ராத்திரி பூரா தூக்கம் இல்ல. சொல்லாம ஏரோப்ளேன் ஏற முடியல.

— இதுக்குத்தானா கெட்டிலை அந்தத் தேய் தேய்ச்ச?

— சிரிக்காதீங்க. அந்தப் பாவம் யாருக்கு? எனக்கா, உங்களுக்கா?

— உனக்கு என்னடா பாவம்? என் மகன் ஒருத்தன், எண்பத்தேழுல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதும் வான்கூவர் போனவன், இன்னும் திரும்பி வரல. கூப்பிடுறான், இல்லேங்கல. எம் பொண்டாட்டி ஆமினாவை இங்க மண்ணுல வச்சுட்டு நான் எங்க போறது? அவன் செய்ய வேண்டியதை நீ செஞ்ச.

— திசை தப்பாச் செஞ்சேனே.

— கேளு. அவன் ஊர்ல மக்கா வடக்குப் பக்கமாம். அவன் வடக்கே பாத்து நிக்கிறான், நான் மேற்கே பாத்து நிக்கிறேன். பாத்தா ஒருத்தருக்கொருத்தர் முகம் கொடுக்காத மாதிரி இருக்கும். ஆனா ரெண்டு பேரும் பாக்குறது ஒரே எடம். தனியா ஒரு தகர வீட்டுல நிக்கிறவனுக்கு அது பெரிய ஆறுதல் நடராஜா. அந்த நேரத்துல மட்டும் நான் தனி ஆள் இல்ல.

— அந்த ஆறுதலைத்தான் நான் கெடுத்துட்டேன்.

— கெடுக்கல. எங்க ஹஜ்ரத் சொல்லிக் குடுத்திருக்காரு. கண்ணு தெரியாதவன், நம்பினவன் காட்டின பக்கம் நின்னு தொழுதா அது செல்லும். திசை தெரியாதவன் மேல குத்தம் இல்ல.

— நெசமாவா பாய்?

— நெசம்தான். போதுமா? இப்ப உக்காரு. பக்கத்து வீட்டு சதேந்திரா பொண்டாட்டி கொண்டாந்த ரொட்டி இருக்கு.

— அவகிட்ட எல்லாம் சொல்லிட்டேன். ரெண்டு வேளையும் சோறு வைப்பா. ஆனா அவளுக்குத் தமிழ் வராது, இந்திதான்.

— இனிமே இந்தத் தீவுல யாருக்கு வருது? இந்த மே மாசம் பார்லிமெண்டுல துப்பாக்கியோட நுழைஞ்சாங்களே, அதுக்கப்புறம் நம்ம ஆளுங்க எத்தனை பேரு வீட்டைப் பூட்டிட்டு வெளிநாடு போயாச்சு. நீ போனா நான் இந்தப் பேச்சை ஆமினாகிட்ட மண்ணைப் பாத்துத்தான் பேசணும்.

— அப்படிப் பேசாதீங்க. போறேன்னு சொல்லவே வாய் வரல எனக்கு. பொண்ணு அழுவுறா, இங்க ஒத்தையில இருந்தா கொன்னு போட்டுருவாங்கன்னு பயப்படுறா.

— போ. போறதுதான் சரி. உன்னைத் தடுக்கல.

— ஒண்ணு மட்டும் இன்னும் உறுத்துது. தெரியாதவன் மேல குத்தம் இல்லன்னீங்க. இனிமே உங்களுக்குத் தெரிஞ்சு போச்சு. காலையில யாரு வந்து திருப்புவா? சதேந்திராகிட்ட மேற்கைக் காட்டிட்டுப் போகட்டுமா?

— வேணாம்.

— கண்ணில்லாம எப்படிப் பாய்?

— நடராஜா, நான் தெரியாதவன் இல்ல.

— என்ன சொல்றீங்க?

— இந்த வீட்டுல முதல் நாள் சாயங்காலம் நீ என்னைத் திருப்பி நிறுத்தின. வெயில் முதுகுல சுட்டுச்சு. சாயங்கால வெயில் எந்தப் பக்கத்துலேர்ந்து வரும்? நீ படி எறங்கிப் போற சத்தம் கேட்டதும் நானே திரும்பிக்கிட்டுத் தொழுதேன்.

— அன்னைக்கா?

— தெனமும்.

— ரெண்டு வருசமாவா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன பாய்?

— சொல்லியிருந்தா, எனக்கு ஆள் வேணாம்னு உனக்குத் தெரிஞ்சு போயிருக்கும். அப்புறம் என் தோளைத் தொட யாரு வருவா?