நல்ல துவக்கு

"சனிக்கிழமைக்கு முதல் எனக்கொரு நல்ல துவக்கு வேணும், தம்பி."

பென்ரோஸ் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து ஏறிய பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இருவர். பேச்சில் ஒருவர் யாழ்ப்பாணம், மற்றவர் மதுரை. நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்ன துவக்கப் போறீங்கண்ணே? கடையா?" என்றார் மதுரைக்காரர்.

"கடையில்லை. நீங்கள் துப்பாக்கி எண்டு சொல்லுறது. குறி பாத்துச் சுடுற போட்டிக்கு."

"ஓ! படபடன்னு சுடுமே, அதா?"

"அது செமி ஓட்டோமேட்டிக். சுடுற கிளப்பிலை ஒருக்காச் சுட்டுப் பாக்கத் தந்தவை. விசையை அழுத்த அழுத்தச் சுடும், அடுத்த ரவை தானா ஏறும். எனக்குப் போல்ட் அக்‌ஷன்தான் சரி. ஒவ்வொரு வெடிக்கும் பிறகு கையாலை இழுத்துத்தான் ரவை ஏத்தோணும்."

"ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து துவக்கணும். அதான் துவக்குன்னு பேர் வச்சீங்களா?"

யாழ்ப்பாணத்துக்காரர் குலுங்கிச் சிரித்தார்.

"சரிண்ணே, எதுல குறி நல்லா விழுது?"

"எனக்கு ரெண்டிலையும் ஒண்டுதான்."

"அப்புறம் ஏன் இந்தக் கஷ்டம்?"

"இதிலை ஒரு வெடிக்கும் அடுத்த வெடிக்கும் இடையிலை கொஞ்சம் அமைதி இருக்கு. ஊரிலை அது கிடைக்கேல்லை."