கெண்டியின் எடை

— எனக்குச் சரியா ஞாபகம் இருக்கான்னே சந்தேகமா இருக்கு, யாச்சின். ஆறு வருஷம் ஆச்சே. அதுக்கப்புறம் எத்தனை கல்யாணத்துக்குக் கெண்டி வார்த்துட்டேன்.

— மத்த கெண்டியை நான் கேக்கலண்ணே. என் சீருக்குன்னு வார்த்தியே, அதுல என்ன போட்ட?

— வெள்ளீயம். வேற என்ன போடுவாங்க? நிக்காத, அந்த மூங்கில் நாற்காலியில உக்காரு. வயித்தைத் தூக்கிக்கிட்டு மேடேறி வந்து கேக்குற கேள்வியா இது? மாப்ள எங்க?

— கீழ வண்டியில பையனோட இருக்காரு. ஃபூச்சோவ் ஆஸ்பத்திரியில இருந்து நேரா இங்கதான் வரோம்.

— பய இப்ப பேசறானா?

— நேத்து அவனாவே சொன்னான், "அம்மா மழை வந்துருச்சு"ன்னு. அடுப்பை அணைச்சுட்டு ஓடிப்போய், இன்னொரு தரம் சொல்லுடான்னு கெஞ்சினேன்.

— கேட்டுக்கோ, அது நம்ம லின் வீட்டு ரத்தம். அப்பாகூட லேட்டாத்தான் பேசினாராம்.

— அஞ்சு வயசு ஆகுதுண்ணே. பாலர் பள்ளியில அவனைச் சின்னப் பிள்ளைங்களோட உக்கார வச்சிருக்காங்க. சிவப்பு எது பச்சை எதுன்னு காலையில சொல்லிக் குடுத்தா சாயந்திரம் மறந்துடறான். ரத்தத்துல காரீயம் இருக்காம். மூளை வளர்ற வயசுல உள்ள போயிருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க.

— காரீயமா? அங்க ஏதாச்சும் பேட்டரி கம்பெனி இருக்கா?

— அதைத்தான் அவங்களும் கேட்டாங்க. இல்லன்னேன். பிள்ளை பெத்த மாசம் என்ன சாப்பிட்டேன்னாங்க. பெருமையாச் சொன்னேன். அத்தை தினம் கோழி அடிச்சாங்க, தலைக்குக்கூடக் குளிக்க விடல, இஞ்சி போட்ட அரிசிக்கள்ளை எங்கண்ணன் வார்த்த கெண்டியில சுடவச்சு மூணு வேளையும் குடுத்தாங்கன்னு. அவங்க எழுதறதை நிறுத்திட்டு என்னையே பாத்தாங்க. நான் குடிச்சது பாலோட அவனுக்குப் போயிருக்காம். அப்புறம் ஒவ்வொரு குளிருக்கும் அதே கெண்டியில சுடவச்சு ஊத்தின கோழிச்சாறு, அது அவனுக்கும்தானே.

— இந்தக் கை வார்த்ததை இதுவரைக்கும் ஒருத்தன் குறை சொன்னதில்ல. ஒவ்வொண்ணுக்கும் அடியில என் பேரைக் குத்தித்தான் அனுப்பறேன். கலப்படம் பண்றவன் பேரைக் குத்துவானா?

— என் கெண்டி அடியில உன் பேரு இல்லியேண்ணே.

— உலை அணையுது. இரு.

— அணையட்டும். இல்லன்னு நீ ஒரு வார்த்தை சொல்லிடணும்னு வழியெல்லாம் வேண்டிக்கிட்டே வந்தேன்.

— அப்பா செத்துப்போன வருஷம் அது. வெள்ளீயம் வாங்க வழியில்ல. உங்க ஊர்ல வாசல்ல தராசு கட்டி, எல்லாரையும் வச்சுக்கிட்டுத்தான் சீர்ச்சாமானை நிறுப்பாங்கன்னு தெரியும். முந்தி வந்த ஒரு பொண்ணோட சாமான் லேசா இருந்துச்சுன்னு இன்னும் சிரிக்கறாங்களாமே. என் தங்கச்சியைப் பாத்து ஒருத்தன் சிரிக்கக் கூடாது.

— அதனால?

— சித்தப்பாவோட பழைய மீன்வலையில இருந்து குண்டையெல்லாம் அறுத்து உருக்கினேன். பாதிக்கு மேல காரீயம்தான். உன்னுதுல மட்டும்தான், யாச்சின். வேற யாருக்கும் அப்படிப் பண்ணதில்ல.

— தராசு படக்குன்னு இறங்குச்சே அன்னைக்கு. எல்லாரும் வாயைப் பொளந்தாங்க. நான் தலை நிமிர்ந்து நின்னேன். இன்னைக்கு வரைக்கும் எனக்கு அதுதான் பெரிய நாள்.

— எனக்கும்தான். கை கருப்பாகும், அவ்வளவுதான்னு நினைச்சேன்மா. உள்ள போய் இப்படிப் பண்ணும்னு தெரியாது.

— தெரிஞ்சிருந்தா கையை வெட்டிப் போட்டிருப்ப. அது எனக்குத் தெரியும்.

— சரியாகுமா அவனுக்கு?

— இனிமே உள்ள போகாம இருந்தா ரத்தத்துல இருக்கறது குறையுமாம். ஆனா போன அறிவு முழுசாத் திரும்பாதாம். விடாமப் பழக்கினா பேச்சு வரும்னாங்க. நான் பழக்குவேன். மழை வந்ததைச் சொன்னவன் மத்ததையும் சொல்லுவான்.

— ஒண்ணு பண்ணலாம். கெண்டி தொலைஞ்சு போச்சுன்னு சொல்லிடு. சுத்த வெள்ளீயத்துல அதே மாதிரி ஒண்ணு வார்த்துத் தரேன். நீ பிள்ளை பெக்கறதுக்குள்ள கையில இருக்கும்.

— தொலைஞ்சதுன்னா? பையன் மந்தம், அம்மா வீட்டு ரத்தம்னு தெருவே பேசுது. கணக்கையெல்லாம் மனசுலயே போட்ட நம்ம அப்பாவைச் சொல்றாங்கண்ணே. அதைக் கேட்டுக்கிட்டு நான் வாயை மூடணுமா?

— அப்ப எங்கண்ணன் ஏமாத்துக்காரன்னு சொல்லிட்டுப் போ.

— நான் சொல்ல மாட்டேன். வேணும்னா நீயே வந்து சொல்லு.

— நானா? எல்லார் முன்னாடியுமா?

— அழாதண்ணே. கீழ பையன் பாப்பான்.

— அழல. புகை. அந்த ஆணியில சட்டை இருக்கு, எடு. வரேன். தராசு கட்டின அதே வாசல்ல நின்னு உங்க அத்தைகிட்டச் சொல்றேன். எடையைக் கூட்டினவன் நான்தான், என் மருமகன் மூளையில எந்தக் குறையும் இல்லாமத்தான் பொறந்தான்னு. கெண்டியைக் கொண்டுவரச் சொல்லு, அவங்க கண்ணு முன்னாடியே சுத்தியால நசுக்கிடறேன்.

— கெண்டி வீட்ல இல்லண்ணே. இவ்வளவு கனமான கெண்டி ராசின்னு, அன்னைக்கிலருந்து எங்க ஊர்ல யாரு பிள்ளை பெத்தாலும் அத்தைகிட்ட வந்து அதைத்தான் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க.