ஒரு படிக்கு எண்ணூறு கிராம்

எழுதிக்கொள்ளுங்கள் மேடம், எனக்குச் சமைக்கத் தெரியாது. அதனால்தான் எல்லாவற்றையும் எடையில் எழுதி வைத்தேன். எடையில் இருந்தால் யார் வேண்டுமானாலும் சமைக்கலாம்.

எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மங்கலத்தில் தறி ஓட்டுகிறார். பி.எஸ்சி. வேதியியல் முடித்து, 2006இல் இந்தப் பனியன் கம்பெனி ஹாஸ்டலுக்கு வார்டனாக வந்தேன். இருநூறு பெண்கள். சமையல் கருத்தம்மா, கமுதிப் பக்கத்துக்காரர். ஊரிலிருந்து கொண்டுவந்த பித்தளைப் படியால் வேளைக்கு இருபத்தைந்து படி அரிசி போடுவார்.

மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி எலக்ட்ரானிக் தராசு வாங்கித் தந்து, எல்லாவற்றையும் கிலோவுக்கு மாற்றச் சொன்னார். படியும் லிட்டரும் ஒன்று என்று எடுத்துக்கொண்டேன். ஒரு லிட்டர் அரிசி எண்ணூறு கிராம். அப்படியானால் வேளைக்கு இருபது கிலோ. சார்ட் எழுதிச் சுவரில் மாட்டினேன்.

கருத்தம்மா சாப்பாட்டுக்கூடத்தில் வைத்தே சொன்னார்: "தாயி, லிட்டரு வேற, எம் படி வேற. இது ஒண்ணர லிட்டருக்கு மேல புடிக்கும். நீ எழுதுனத ஆக்குனா புள்ளைக அரவயிறாத்தேன் கெடக்கும்."

தட்டோடு நின்ற அபிராமி, கட்டிங் டேபிளில் ஹெல்பர், பதினேழு வயது, "அக்கா, மொதல்ல டிகிரியத் தராசுல வெச்சுப் பாருங்க" என்றாள். கூடமே சிரித்தது. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

சார்ட் மாறவில்லை. கருத்தம்மாவும் மாறவில்லை. நான் வருவதற்கு முன்பே படியால் அளந்து உலையில் போட்டுவிடுவார். மாதக் கடைசியில் சார்ட்டுக்கும் ஸ்டோருக்கும் இருபத்தைந்து கிலோ மூட்டையில் முப்பது இடித்தது. திருட்டு என்று நான் எழுதவில்லை. 'கணக்கில் வரவில்லை' என்றுதான் எழுதினேன். மேனேஜர் கருத்தம்மாவின் பையைக் கொட்டிப் பார்த்தார். இரண்டு சேலை, ஒரு சீப்பு. "ஒரு பருக்க எடுக்கல தாயி, நீயாச்சும் சொல்லு" என்றார் கருத்தம்மா. என்னை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றைக்கே அவரை ஊருக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

புதிய சமையல்காரர் தராசு சொல்வதைக் கேட்பவர். அரிசி மிச்சமானது. "படிச்ச புள்ளைன்னா படிச்ச புள்ளைதானுங் அம்மிணி" என்றார் மேனேஜர். சோறு போதவில்லை என்று பெண்கள் வந்தார்கள். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னேன். நாலாம் மாதம், ஓவர்டைமில் நின்ற அபிராமி மயங்கிக் கட்டிங் மெஷின்மேல் சாய்ந்தாள். வலது கையில் மூன்று விரல்.

படியின் எடை எனக்கு எப்போது தெரியும் என்று கேட்டீர்கள். அவர்கள் சிரித்த அன்றே தெரியும். எல்லோரும் ஷிப்டுக்குப் போன பிறகு, படி நிறைய அரிசி அளந்து தராசில் கொட்டினேன். ஒரு கிலோ முந்நூறு. மறுபடியும் அளந்து நிறுத்தேன். அதேதான். வேளைக்கு முப்பத்திரண்டரைக் கிலோ வேண்டும். அப்பா இரண்டு ஷிப்ட் தறி ஓட்டி என்னைப் படிக்க வைத்தது, கைநாட்டு வைக்கிற ஒருத்தி சொல்லி நான் எழுதியதை அடித்துத் திருத்துவதற்காக அல்ல.

தப்பு என்னுடையதுதான். எழுதித் தாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் புரிந்துகொள்ளுங்கள்: இன்று காலையும் இருபது கிலோதான் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். விசாரணை நடக்கிறபோது திடீரென்று கூட்டினால், இத்தனை நாளும் அந்தப் பிள்ளைகளைப் பட்டினி போட்டேன் என்று அர்த்தமாகிவிடும்.