ராசா வாய் கொப்பளிச்ச படி

சோறு தின்னு முடிச்சவங்க மட்டும் கேளுங்க. குமட்டற கதை இது.

வெள்ளைக்காரன் கப்பல் இந்தக் கரையை எட்டாத காலம். நம்ம ஆத்து முகத்துல மலாய் ராசா ஒருத்தர் ஆண்டாராம். அவருக்குப் படைத்தலைவன் பங்லிமா தாருஸ். மந்திரவாதியும் அவனே. கத்தி அவன் தோல்ல இறங்காதாம். ஈட்டி வளைஞ்சிடுமாம்.

சக்தி எங்க இருந்துச்சாம்? எச்சில்ல! தினம் வெத்திலையை மென்னு, ராசாவுக்கும் அந்தச் சக்தி ஏறணும்னு சக்கையை ஊருக்குத் தெரியாம அவர் வாயில வைப்பானாம். ராசாவும் கண்ணை மூடிக்கிட்டு முழுங்குவாராம். மூணு வருசம்! த்தூ!

அந்த வெத்திலையை மடிச்சுக் குடுத்தவ வேளாச்சி. என் பாட்டனுக்குப் பாட்டனைப் பெத்தவளுக்கும் மேல் தலைமுறை.

ஆத்துக்கு மேல் பக்கம் ஆண்ட மேலாத்துக்காரன் சண்டைக்கு வந்தான். பங்லிமா படை முழுக்கச் சக்கை ஊட்டினான். "இனி இரும்பு உங்களைத் தொடாது. கேடயம் எடுத்தவனுக்கு மந்திரம் பலிக்காது"ன்னானாம். அந்த வரிசையில வேளாச்சி மகன் சடையனும் வாயைப் பொளந்துக்கிட்டு நின்னானாம். பெத்த வயிறு சும்மா இருக்குமா?

மறுநாள் காலையில உள் அறையில ராசா, பங்லிமா, இவ, மூணே பேரு. பாக்கு வாங்கப் பங்லிமா கையை நீட்டினான். இவ பாக்குவெட்டியில அவன் விரலை வச்சு ஒரே அழுத்து!

"அடோய்!"ன்னு அலறினானாம். தட்டுல ரத்தம்.

"வெத்திலைச் சாறு ராசாவே, வெத்திலைச் சாறு"ன்னு கையைக் கைலிக்குள்ள ஒளிச்சானாம். தூ, என்ன பிறவி!

வேளாச்சி ராசா கால்ல விழுந்தா. "பார்த்துட்டீங்கல்ல ராசா? பிள்ளைங்களைக் கேடயம் எடுக்கச் சொல்லுங்க. ஒரு வார்த்தை போதும்."

ராசா எழுந்து படித்துறைக்குப் போனார். தண்ணியை அள்ளி அள்ளிக் கொப்பளிச்சார். தொண்டைக்குள்ள விரலை விட்டுத் துப்பினார். அப்புறம் வாயைத் துடைச்சுக்கிட்டு, கரையில நின்ன படையைப் பார்த்து, "புறப்படுங்க"ன்னான்.

ஆமா, "ன்னான்". இனி என்ன மரியாதை அவனுக்கு? எச்சில் தின்ன ராசான்னு ஊர் சிரிக்குமாம். அதுக்குப் பயந்து ஊரான் பிள்ளைங்களை அனுப்பினான். பங்லிமாவை நினைச்சா குமட்டும். இவனை நினைச்சா வயிறே புரட்டும்.

வேளாச்சி ஓடினா. படகுல இருந்த சடையனைக் காதைப் பிடிச்சு இழுத்து, "துப்புடா! துப்பு!"ன்னு, கரையில கிடந்த கேடயம் ஒண்ணைக் கையில திணிச்சா. "நீங்களும் எடுங்கய்யா, அவன் ரத்தத்தை என் கண்ணால பார்த்தேன்"ன்னு கத்தினாளாம். வெத்திலைக்காரி உளர்றான்னு எல்லாரும் சிரிச்சாங்களாம்.

திரும்பி வந்தது ஒரே படகு. தள்ளிக்கிட்டு வந்தது சடையன் ஒருத்தன். கேடயம் ரெண்டாப் பொளந்து கிடந்துச்சாம்.

பிள்ளையைப் பறிகுடுத்தவங்க எல்லாம் அந்தப் படிக்கு வந்தாங்களாம். ஒருத்தியும் அழலையாம். ஒவ்வொருத்தியா அது மேல துப்பிட்டுப் போனாளாம்.

அரண்மனை மண்ணாப் போச்சு. படி கிடக்கு. இன்னைக்கும் படகு விட்டு இறங்கற யாரா இருந்தாலும் அதுல துப்பிட்டுத்தான் மேல ஏறணும். போன மாசம் ஒருத்தர் வந்தார், அந்த ராசா வம்சமாம். அவரும் குனிஞ்சு துப்பினார். ஏன்னு யாரையும் கேக்கலை.