மேல்மாடிக் கழிப்பறைச் சாவி

என்னால் ஓரிடத்தில் கால்மணி நேரம் சேர்ந்தாற்போல் உட்கார முடியாது. சீனி வருத்தம், சர்க்கரை வியாதிதான். அடிக்கடி எழுந்து உள்ளே போய்வருவேன், தப்பாக நினைக்காதீர்கள். கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

கண்டியில் கடைக் கட்டடம் வைத்திருப்பவனை ஊர் ரத்தம் உறிஞ்சுகிறவன் என்றுதான் பேசும். தனபாலன் முதலாளி அப்படியா என்று என் கடைக்காரர்களையே விசாரியுங்கள். யாருடைய சாமானையும் ரோட்டில் தூக்கிப் போட்டதில்லை. தீபாவளி வந்தால் எல்லாக் கடைக்கும் என் வீட்டுப் பலகாரம் போகும்.

ஜெயராணி ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. மேல்மாடியில் சாரி ஜாக்கெட் தைக்கிற கடை வைத்திருந்தாள். கைராசிக்காரி, கூட்டத்துக்குக் குறைவில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் மூன்று வருடம் கிடக்கும்போது, ஒரு டெலிபோன் கம்பெனி முழு மாடியையும் கேட்டு வந்தது. மற்றக் கடைக்காரர்கள் சொன்னதும் ஒதுங்கிக்கொண்டார்கள். இவள் மட்டும் அசையவில்லை.

"கஸ்டமரெல்லாம் இந்த எடத்துக்குப் பழகிட்டாங்க முதலாளி. இத விட்டா நானும் மகளும் எங்க போறது?" என்றாள்.

நியாயமான கேள்விதான். நான் கோபப்படவில்லை. குழாய் ரிப்பேர் என்று சொல்லி மாடிக் கழிப்பறைக்குப் புதுப் பூட்டுப் போட்டேன். அவ்வளவுதான். ஒப்பந்தத்தில் கழிப்பறை பற்றி ஒரு வார்த்தை கிடையாது, நன்றாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் செய்தேன். கொஞ்சம் பொறுங்கள், போய் வந்துவிடுகிறேன்.

எங்கே விட்டேன்? ஆமாம், பூட்டு. முதலில் கடையைச் சாத்திவிட்டு பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் ஓடினாள். அவள் திரும்பி வருவதற்குள் காத்து நின்ற பெண்கள் வேறு கடைக்குப் போயிருப்பார்கள். பிறகு ஓடுவதை விட்டுவிட்டாள். நாலு மணிக்கு எல்லாக் கடைக்கும் நான் அனுப்புகிற தேத்தண்ணி அவளிடமிருந்து மட்டும் ஆடை கட்டி அப்படியே திரும்பி வந்தது. அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை என்று அப்போதுதான் விளங்கியது. பூட்டு வேலை செய்கிறது. அதற்காக நான் தேத்தண்ணியை நிறுத்தவில்லை, தினமும் அனுப்பினேன்.

ஒரு நாள் முகமெல்லாம் வீங்கி வந்தாள்.

"கிட்னில கல்லாம் முதலாளி. தண்ணி நெறையக் குடிக்கலேன்னா உசுருக்கே ஆபத்துன்னு டொக்டர் சொல்றாரு. அந்தச் சாவிய மட்டும் குடுங்க, ஒங்க கால்ல விழுறேன்."

அழுதாள். கதிரை போட்டு உட்கார வைத்தேன். "குழாய்க்காரன் இன்னும் வரலியேம்மா" என்றேன். "பேசாம வேற எடம் பாரு, ஒடம்பாவது மிஞ்சும்."

"செத்தாலும் கடைய விடமாட்டேன்" என்று எழுந்து போனாள். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவளை நான் என்ன செய்ய?

அடுத்த மாதம் காய்ச்சலோடு தையல் மெஷின்மேல் விழுந்தவள்தான். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டதாம், பிழைக்கவில்லை. செத்த வீட்டுச் செலவு முழுவதும் நான் பார்த்தேன். அங்கே அவள் மகள் சர்மிளா என் முகத்தைப் பார்த்து, "அம்மா கேட்டப்பவே குடுத்திருக்கலாமே?" என்றாள். இன்னொரு தடவை கேட்டிருந்தால் கட்டாயம் கொடுத்திருப்பேன் என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னேன்.

அது பொய். எனக்கு இளகிய மனசு. அவள் மறுபடி வந்து அழுதால் கொடுத்துவிடுவேன் என்று தெரிந்துதான், அவள் சாவி கேட்ட அன்று பின்னேரமே கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நின்று சாவியை மகாவலியில் போட்டேன்.