ஐந்து மில்லிமீட்டர்

பின்பக்கம் எஞ்சின் உள்ள கார் வைத்திருப்பவர்கள் முன்பக்கப் பெட்டியைக் காலியாக விடக் கூடாது. ஸ்டெப்னியோ, கருவிப் பெட்டியோ, கொஞ்சம் கனமாக ஏதாவது அதில் கிடப்பது நல்லது. என் பட்டறைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் அனுப்ப மாட்டேன். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே போய்விடுவார்கள்.

நீங்கள் சிரிக்காமல் ஏன் என்று கேட்டீர்கள், மேடம். அதனால் சொல்கிறேன். அந்த மாதிரி வண்டியில் கனமெல்லாம் பின்னால் உட்கார்ந்திருக்கும். கடைத்தெருவுக்குப் போய்வரும்போது ஒன்றும் தெரியாது. நூற்றைம்பதைத் தாண்டினால் காற்று மூக்கைத் தூக்கும். ஸ்டீயரிங் கையில் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அந்த வேகத்தில் ஒரு வளைவுக்குள் பயந்துபோய் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், பின்சக்கரங்களின் பிடி விட்டுப்போய், வாலே தலையை முந்திக்கொண்டு வரும். பயப்படாதவரை குழந்தை மாதிரி இருக்கும் வண்டி அது. பயந்தால் மன்னிக்காது.

அப்படி ஒரு வண்டியை என் தம்பிக்காக ஏழு வருடம் பழக்கினேன்.

அம்மா போனபோது எனக்குப் பதினெட்டு, அவனுக்கு ஆறு. அப்பா தொலைதூர லாரி ஓட்டினார். மாதத்துக்கு ஒரு முறை வந்தவர், பிறகு வருடத்துக்கு ஒரு முறை வந்தார், பிறகு வரவே இல்லை. நான் வீல் அலைன்மென்ட் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்காரருக்கு முட்டி தேய்ந்து, வண்டிக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழிக்குள் இறங்க முடியாமல் போனதும் கடை என் கைக்கு வந்தது. என்னைப் பெண் பார்க்க இரண்டு பேர் வந்தார்கள். இரண்டாவது ஆள் நல்லவர்தான். "பையனை ஹாஸ்டல்ல சேத்துட்டா நமக்கும் வசதி" என்றார். டீயைக் குடித்து முடிக்கும்வரை காத்திருந்து, வாசல் எந்தப் பக்கம் என்று காட்டினேன்.

தம்பி மற்ற பையன்கள் மாதிரி இல்லை. பத்து வயதிலேயே பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, இடது முன்சக்கரம் அழுவுது" என்பான். இறங்கிப் பார்த்தால் பேரிங் போயிருக்கும். அவன் உட்காரும் இடத்தில் அவனுக்கு ஒரு காது இருந்தது என்று கடையில் எல்லோரும் கேலி செய்வார்கள்.

அவன் ரேஸ் ஓட்டத் தொடங்கியபோது அந்தக் காரை நொறுங்கிய நிலையில் வாங்கி வந்தோம். முதல் ஓட்டத்தில் அவன் முகம் வெளுத்துத் திரும்பி வந்தான். நான் பேட்டரியைப் பின்னாலிருந்து எடுத்து முன்னால் வைத்தேன். அலுமினியத் தகட்டை வெட்டி, முன் பம்பருக்குக் கீழே உதடு மாதிரி பொருத்தினேன். வண்டி முழுக்க நூல் துண்டுகளை ஒட்டி, பயன்படாத விமான ஓடுதளத்தில் அவனை ஓடவிட்டு, நான் பக்கத்தில் இன்னொரு வண்டியில் போனபடி காற்றில் எந்த நூல் படிகிறது, எந்த நூல் துடிக்கிறது என்று பார்த்தேன். வளைவில் வண்டி சாயாமல் இருக்க முன்பக்கத்தில் தடித்த ஸ்டெபிலைசர் கம்பி, பின்பக்கத்தில் அகல டயர். கடைசியாகப் பின்சக்கரங்கள். இரண்டும் மூன்று மில்லிமீட்டர் உள்நோக்கிப் பார்த்து நிற்க வேண்டும், புறா நடக்கிற மாதிரி. அந்த மூன்று மில்லியைக் கண்டுபிடிக்க ஒரு வருடம் ஆயிற்று. அன்றைக்கு அவன் நூற்றுத் தொண்ணூறில் போய்விட்டு வந்து, ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே கத்தினான்: "அக்கா, தண்டவாளத்துல போற மாதிரி போகுது!" என்னைத் தூக்கி ஒரு சுற்று சுற்றினான். என் வாழ்க்கையில் என்னை யாரும் தூக்கியது அந்த ஒரு தடவைதான்.

பிறகு லேப்டாப் பொண்ணு வந்தாள். பெரிய ரேஸ் அணியின் இன்ஜினியர். எங்கள் வண்டியில் நாலு சென்சார் ஒட்டிவிட்டுத் திரையைப் பார்ப்பாள். நான் ஏழு வருடத்தில் கண்டுபிடித்ததை அவள் ஒரே நாளில் கோடாகப் போட்டுக் காட்டி, "எல்லாம் சரியா இருக்குக்கா, நான் தொடவே வேண்டியதில்ல" என்றாள். அவளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைப்பாள். அவனை அவள் பார்க்கும் பார்வையிலும் ஒரு குறை இல்லை.

ஒரு மத்தியானம் சாப்பிடும்போது அவன் சொன்னான்.

"அக்கா, இந்த ரேஸ் முடிஞ்சதும் அவ டீமுக்குப் போறேன். கல்யாணமும் அங்கேயே பண்ணிக்கலாம்னு இருக்கோம். அங்க எனக்குன்னு பன்னெண்டு மெக்கானிக் இருக்காங்களாம்."

"பன்னெண்டு பேரா? அப்ப ஆளுக்கு ஒரு நட்டுதான் வரும்" என்றேன்.

சிரித்தான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீயும் இனிமே நிம்மதியா இரு, அக்கா. எனக்காக எவ்வளவு நாள்தான் கஷ்டப்படுவ?" என்றான்.

அவன் அன்பாகத்தான் சொன்னான். ஆனால் கஷ்டம் என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை, மேடம். அவனுடைய பதினெட்டு வருடங்களையும் என்னுடைய பதினெட்டு வருடங்களையும் அவன் வேறு வேறு பெயர் சொல்லி வைத்திருக்கிறான் என்பது அன்றுதான் தெரிந்தது. குழம்பு ஊற்றினேன். இன்னும் கொஞ்சம் சோறு வைத்தேன். சாப்பிட்டான்.

அந்த ரேஸுக்கான பயிற்சி ஓட்டம் காலை பத்து மணிக்கு. நான் ஏழரைக்கே போய்விட்டேன். பின்சக்கரங்களின் போல்ட்டைத் தளர்த்தி, மூன்று உள்ளே இருந்ததை இரண்டு வெளியே என்று மாற்றினேன். மொத்தம் ஐந்து மில்லிமீட்டர். கண்ணால் பார்த்தால் தெரியாது. அவன் ஒரு தடவை தடுமாற வேண்டும், திரும்பி வந்து "நீ இல்லாம இந்த வண்டி நிக்காதுக்கா" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நினைத்தேன். இதை நேற்றும் சொன்னேன்.

நேற்றுச் சொல்லாதது ஒன்று இருக்கிறது. பின்சக்கரம் வெளியே பார்த்தால் நேர்சாலையிலேயே வண்டி அலையும். அவன் முதல் நிமிடத்திலேயே கண்டுபிடித்துவிடுவான். அதனால் முன்சக்கரங்களை இன்னும் கொஞ்சம் உள்நோக்கித் திருப்பினேன். இப்போது நேராகப் போகும்போது அமைதியாக இருக்கும். மெதுவான வளைவுகளிலும் காட்டிக்கொடுக்காது. சக்கர அளவுகளைக் குறிக்கும் தாளில் 'மூன்று, உள்ளே' என்று என் கையெழுத்தில் எழுதி மாட்டினேன். வேலை சுத்தமாக இருந்தது. என் வேலை எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும்.

மூன்று சுற்று போய்விட்டு அவன் உள்ளே வந்தான். இத்தனைக்குப் பிறகும் அவனுக்குத் தெரிந்துவிட்டது. லேப்டாப் பொண்ணு ஜன்னலில் குனிந்தாள். அவன் அவளிடம்தான் கேட்டான்.

"பின்னாடி ஏதோ லேசா இருக்கு. உன் கோட்டுல ஏதாவது தெரியுதா?"

"இல்லையே. நீ இன்னும் வேகமாவே போகல. எதுக்கும் அக்காவைக் கேளு."

அவன் என் பக்கம் திரும்பினான். "அக்கா, ஒரு தடவை பாத்துடறியா?"

சரிசெய்ய நாலு நிமிடம் போதும். ஸ்பேனர் என் கையிலேயே இருந்தது. அவன் வந்து கேட்க வேண்டும் என்றுதானே செய்தாய், வந்துதானே கேட்டான் என்று நீங்கள் நினைப்பீர்கள். உண்மைதான். ஆனால் அவன் என்னை இரண்டாவதாகக் கேட்டான்.

"வண்டி நல்லாத்தான் இருக்கு. புது இடத்துக்குப் போற நினைப்புல உனக்குத்தான் கை நடுங்குது" என்றேன். "நான் இருக்கேன்ல. போ."

அவன் முகம் தெளிந்தது. ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போனான்.

ஐந்தாவது வளைவுக்கு வெளியே மண்மேடு கிடையாது, நேராகச் சுவர்தான். ஏழு வருடம் நின்று பார்த்த தடம், எனக்குத் தெரியாமல் இருக்குமா? பின்பக்கம் நழுவத் தொடங்கியதும் அவன் காலை எடுத்திருக்கிறான். யாராக இருந்தாலும் எடுத்திருப்பார்கள். எஞ்சின் சத்தம் சட்டென்று இறங்கியது எனக்குக் கேட்டது. மற்றவர்கள் சுவரில் மோதிய சத்தத்தைக் கேட்டுத்தான் ஓடினார்கள். நான் அதற்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தேன்.

கழுத்தெலும்பு ஒடிந்து நரம்பு அறுந்துவிட்டது. கழுத்துக்குக் கீழே இனி எதுவும் அசையாது என்றார் டாக்டர். மூன்று மாதம் நான் அவன் பக்கத்தை விட்டு நகரவில்லை. பல் தேய்த்துவிட்டேன், முகம் மழித்துவிட்டேன், கஞ்சியை ஊதி ஊதிக் கொடுத்தேன். ஆறு வயதில் எப்படி வாயைத் திறப்பானோ அப்படியே திறந்தான். அந்த மூன்று மாதத்தில் நான் அழவில்லை. நன்றாகத் தூங்கினேன் என்றுகூடச் சொல்லலாம். எழுதிக்கொள்ளுங்கள், பரவாயில்லை.

லேப்டாப் பொண்ணு உடைந்த வண்டியை அளந்தாள். அடிபடாத பக்கத்துப் பின்சக்கரமும் வெளியே பார்க்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு என்னிடம் வந்தாள். "மோதின அதிர்ச்சியில திரும்பியிருக்குமாக்கா?" என்று கேட்டாள். திரும்பியிருக்கும் என்றேன். அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். பிறகு போய் அவன் காலடியில் உட்கார்ந்துகொண்டாள். அவள் அவனை விட்டுப் போகவில்லை. போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

நான் அவளுக்குப் பயந்து உங்கள் ஸ்டேஷனுக்கு வரவில்லை. தம்பிதான் காரணம். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவன் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தான். "அக்கா அவ்வளவு சொல்லிக்கொடுத்தும் காலை எடுத்துட்டேன். அவ வண்டில ஒரு குத்தமும் இல்ல." போன வாரம் என்னிடமே சொன்னான்: "உன் ஏழு வருஷத்தைச் சுவத்துல கொண்டுபோய் அடிச்சுட்டேன்க்கா. என்னை மன்னிச்சுடு." கண்ணீர் காதுக்குள் ஓடியது. அதைத் துடைக்கக்கூட அவனுக்குக் கை இல்லை. நான் துடைத்தேன். துடைத்துக்கொண்டிருக்கும்போதுதான் இதை இனிமேல் தாங்க முடியாது என்று தோன்றியது.

அவன் ஓட்டியதில் தப்பே இல்லை, மேடம். அதைத் தனி வரியாக எழுதுங்கள். தப்பு என்னுடையது. தெரிந்தே செய்தேன், கேட்டபோதும் மறைத்தேன், சுவர் இருப்பது தெரிந்தே போகச் சொன்னேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள்.

நேற்று மாலை நீங்கள் போய் அவனிடம் நான் சொன்னதையெல்லாம் சொன்னீர்கள் என்றும், என்னைப் பார்க்க விருப்பமா என்று கேட்டபோது அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான் என்றும் சொன்னீர்கள். அதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. அவனால் தானாகத் திரும்ப முடியாது, மேடம். அவள்தான் திருப்பியிருப்பாள்.